உபலக்கடை

ஏற்காட்டு மலைமேல் இருக்கிற ஊர்ப் பெயர்கள் பெரும்பாலும் கேட்ட மாத்திரத்தில் பொருள் சொல்லிவிடும். தலைச்சோலை, மஞ்சக்குட்டை, செம்மநத்தம், நாகலூர். ஏற்காடு என்பதையே ஏரியும் காடும் சேர்ந்தது என்று பள்ளிப் பிள்ளையும் பிரித்துக் காட்டும். வெள்ளக்கடையில்தான் கொஞ்சம் நிதானிக்க வேண்டியிருக்கிறது.

வெள்ளம் என்ற சொல்லோடு கடை சேர்ந்தால் மகர மெய் கெட்டு வல்லினம் மிகுந்து வெள்ளக்கடை ஆகும். மரமும் கிளையும் சேர்ந்து மரக்கிளை ஆகிற அதே விதி. வெள்ளை என்ற சொல்லோடு சேர்ந்தால் எழுத்தில் வெள்ளைக்கடை என்று நிற்கும். பேச்சில் ஐகாரம் தேய்ந்து மறுபடியும் வெள்ளக்கடைதான். ஊர்ப் பெயரை ஏட்டில் ஏற்றிய கணக்குப்பிள்ளை இலக்கணம் பார்த்தாரா, காதில் விழுந்ததை எழுதினாரா என்பதில் இருக்கிறது விஷயம். அதே மலையில் மஞ்சள்குட்டை, மஞ்சக்குட்டையாகவே எழுதப்படுவதைப் பார்த்தால் இங்கே காதுக்குத்தான் செல்வாக்கு என்று தோன்றுகிறது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பிச் செடி கொண்டுவந்தார். அதை வைத்து, வெள்ளைக்காரன் கடை போட்ட ஊர் என்று யாராவது கதை கட்டினால் கேட்கச் சுவையாக இருக்கும். நம்ப எனக்கு மனம் வராது.

முன்பாதி எதுவானாலும், முடிச்சு பின்பாதியில் இருக்கிறது. கடை என்றால் முடிவு: கடைமடை, கடைக்குட்டி, கடைக்கண், கடைச்சங்கம். கடை என்றால் வாசல் பக்கம்: தலைக்கடை, புழக்கடை. கடை என்றால் சரக்கு கைமாறும் இடம்: கடைத்தெரு, பலசரக்குக்கடை. தனியாக நிறுத்தி ‘கடை’ என்று மட்டும் சொன்னால் எந்தத் தமிழனாலும் பொருள் சொல்ல முடியாது. பக்கத்துச் சொல் வேண்டும். சில வேளை பக்கத்துச் சொல்லும் போதாது. ‘கடைக்கு வந்துவிட்டான்’ என்றால் சாமான் வாங்க வந்தானா, வரிசையில் பின்தங்கினானா என்பது வாக்கியம் முடிகிறபோதுதான் தெரியும்.

முடிவு என்றும் சரக்கு வாங்கும் இடம் என்றும் ஒரே சொல் இரண்டு வேலை பார்ப்பது தமிழின் வினோதம் மட்டுமல்ல. நம் உடம்பின் ஒவ்வொரு செல்லும் புரதம் கட்டும் வேலையில் இப்படி ஒரு சொல்லை வைத்திருக்கிறது. அந்தச் சொல்லுக்கு ஆய்வாளர்கள் வைத்த பெயர்களின் வரலாறுதான் இந்தக் கட்டுரை.

செல்லில் புரதம் கட்டுவது ரைபோசோம். மரபணுவிலிருந்து நகலெடுத்து வருகிற தூது ஆர்.என்.ஏ.வை அது மூன்று மூன்று எழுத்தாக வாசிக்கும். எழுத்துகள் நான்கே நான்கு: ஏ, யு, ஜி, சி. நான்கு எழுத்தில் மூன்றெழுத்துச் சொற்கள் 64 வரும். இச்சொற்களைக் கோடான் என்பார்கள். 61 கோடான்கள் 20 அமினோ அமிலங்களில் ஏதாவது ஒன்றைக் குறிப்பவை. அந்தந்தக் கோடானுக்கு உரிய அமினோ அமிலத்தை முதுகில் சுமந்து வருவது டி.ஆர்.என்.ஏ. என்ற சிறிய மூலக்கூறு. மீதி மூன்று கோடான்கள் யு.ஏ.ஜி., யு.ஏ.ஏ., யு.ஜி.ஏ. அவை வந்தால் அமினோ அமிலச் சங்கிலி முடிந்தது என்று அர்த்தம். அர்த்தம் இருக்கிறது என்று இப்போது சொல்கிறோம். 1960களில் அவற்றுக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயர் ‘பொருளற்றவை’ என்பது. அமினோ அமிலம் எதையும் குறிக்கவில்லை, ஆகவே பொருளில்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

அந்த மூன்றுக்கும் தனித்தனிச் செல்லப் பெயர்களும் வந்தன. முதல் பெயருக்குப் பின்னால் ஆய்வுக்கூட அரட்டை ஒன்று இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கால்டெக் நிறுவனத்தில் பாக்டீரியாவைத் தாக்கும் டி4 வைரஸில் புதுவகை மாற்றங்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். எப்ஸ்டைன், ஸ்டைன்பர்க் என்ற இருவரும் தங்கள் சோதனைக்கு உதவச் சொல்லி ஹாரிஸ் பெர்ன்ஸ்டைன் என்ற மாணவரை அழைத்தார்களாம். புதிதாக ஏதாவது அகப்பட்டால் உன் அம்மாவின் பெயரை வைக்கிறோம் என்று ஆசை காட்டினார்களாம். அகப்பட்டது. பெர்ன்ஸ்டைன் என்ற ஜெர்மன் சொல்லுக்கு எரியும் கல் என்று பொருள், ஆங்கிலத்தில் அம்பர். மரப் பிசின் பூமிக்குள் இறுகிக் கல்லாகிப்போன பொருள் அது, நெருப்பில் காட்டினால் எரியும். யு.ஏ.ஜி. அம்பர் ஆனது. அரட்டையில் உப்பும் புளியும் கூடியிருக்கலாம், ஆனால் அந்த வட்டாரத்தில் இருந்தவர்களே எழுதிவைத்த கதை.

அம்பர் வந்ததும் மற்றவற்றுக்கும் மண், கல் பெயர்களே தொடர்ந்தன. 1965இல் சிட்னி பிரென்னரும் ஜான் பெக்வித்தும் இரண்டாவது வகையைப் பிரித்துக் காட்டி ஓக்கர் என்றார்கள்; நாம் காவி என்கிறோமே அந்த மண். அது யு.ஏ.ஏ. 1967இல் பிரென்னர், பார்னெட், காட்ஸ், கிரிக் நால்வரும் யு.ஜி.ஏ. மூன்றாவது பொருளற்ற கோடான் என்று நிறுவினார்கள். இதற்குப் பெயர் ஓப்பல் என்று நிலைத்தது. சிலர் அம்பர் என்பதை ஒட்டி உம்பர் என்றும் சொல்லிப் பார்த்தார்கள், எடுபடவில்லை.

ஓப்பல் மட்டும் நமக்கு அந்நியமில்லை. லத்தீனில் ஓபாலுஸ், கிரேக்கத்தில் ஓபாலியோஸ். அதற்கும் முன்னால் போனால் வடமொழியின் உபல என்று சொல்லாராய்ச்சிக்காரர்களில் பலர் கருதுகிறார்கள். உபல என்றால் கல். நம் அகராதிகளிலும் உபலம் உண்டு. இந்தியக் கரையிலிருந்து கல் கப்பலேறியபோது பெயரும் கூடவே ஏறியிருக்கலாம். கல் என்ற பொதுப்பெயர் அக்கரையில் ஒரு தனி மணிக்குப் பெயராகி, இரண்டாயிரம் ஆண்டு கழித்து செல்லின் மொழியில் ஒரு முடிவுக் குறிக்குச் செல்லப் பெயராகியிருக்கிறது. உபலமும் வெள்ளம் போலவே மகர ஈற்றுச் சொல். கடையோடு சேர்த்தால் உபலக்கடை. யு.ஜி.ஏ.க்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ப் பெயர் எனக்குத் தோன்றவில்லை. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

இந்தக் கோடானோடு வாழ்நாளைக் கழித்த மூலக்கூறு உயிரியலாளர் ஒருவர் உண்டு. டால்ஃப் ஹாட்ஃபீல்ட். அமெரிக்காவில் பெதஸ்டாவில் உள்ள தேசிய சுகாதார நிறுவனத்தில் மார்ஷல் நிரென்பர்க்கிடம் பயின்றவர். கோடான்களின் பொருளைப் பிரித்தெடுத்ததற்காக 1968இல் நிரென்பர்க்குக்கும் நம் ஹர் கோவிந்த் கொரானாவுக்கும் ராபர்ட் ஹோலிக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நிரென்பர்க் ஆய்வகத்தில் அப்போது நடந்த சோதனையின் எளிமை வியப்பூட்டும். ஒரு குழாயில் ரைபோசோம்களைப் போடு. மூன்றே எழுத்து நீளமுள்ள ஆர்.என்.ஏ. துண்டைப் போடு. கதிரியக்க அமினோ அமிலத்தைச் சுமக்கும் டி.ஆர்.என்.ஏ.வைச் சேர். கலவையை நைட்ரோசெல்லுலோஸ் வடிதாளில் ஊற்று. ரைபோசோம் பெரிது, தாளில் தங்கும். தனியாகத் திரியும் டி.ஆர்.என்.ஏ. சிறிது, ஒழுகிப் போய்விடும். தாளில் கதிரியக்கம் தெரிந்தால் அந்த மூன்றெழுத்தை அந்த டி.ஆர்.என்.ஏ. அடையாளம் கண்டு பற்றிக்கொண்டது என்று பொருள்.

1970இல் ஹாட்ஃபீல்டும் பிராங்க்ளின் போர்ச்சுகலும் பாலூட்டிகளின் மூளையிலிருந்தும் கல்லீரலிலிருந்தும் செரின் என்ற அமினோ அமிலத்தைச் சுமக்கும் டி.ஆர்.என்.ஏ.க்களைப் பிரித்துப் பார்த்தார்கள். செரினுக்கு ஆறு கோடான்கள் உண்டு, அவற்றைப் பற்றுவதில் வியப்பில்லை. கல்லீரலில் சொற்ப அளவில் இருந்த ஒன்று மட்டும் அந்த ஆறையும் விட்டுவிட்டு யு.ஜி.ஏ.வைப் பற்றியது. முடிவு என்று சொன்ன இடத்தில் ஒரு டி.ஆர்.என்.ஏ. சரக்கோடு வந்து நிற்கிறது. அதே ஆண்டில் வேறொரு ஆய்வுக்குழு, கல்லீரலில் செரினோடு பாஸ்பேட்டும் ஒட்டியிருக்கிற விசித்திர டி.ஆர்.என்.ஏ. ஒன்றைக் கண்டது. இரண்டும் ஒன்றே என்று அப்போது யாருக்கும் தெரியாது.

தெரியாத பொருளுக்கு என்ன பெயர் வைப்பது? பாக்டீரியா ஆய்வில் ஒரு சொல் தயாராக இருந்தது. தவறான இடத்தில் முடிவுக் குறி தோன்றிப் புரதம் பாதியில் அறுந்துபோகும்போது, அந்தக் குறியை மீறி ஏதாவது ஓர் அமினோ அமிலத்தைச் செருகி அறுபட்ட சங்கிலியை நீட்டிவிடும் டி.ஆர்.என்.ஏ.க்கள் உண்டு. அவற்றுக்கு ‘ஒடுக்கி’ என்று பெயர். பிழையின் விளைவை ஒடுக்குவதால். அந்தப் பெயரையே இதற்கும் சூட்டினார்கள்: ‘ஓப்பல் ஒடுக்கிச் செரின் டி.ஆர்.என்.ஏ.’ 1981இல் மாட்டுக் கல்லீரலிலிருந்து எடுத்த இதன் எழுத்து வரிசையை முழுக்கப் படித்து வெளியிட்ட கட்டுரையிலும் அதே பெயர்தான். இது செரின் டி.ஆர்.என்.ஏ. இல்லை. எதையும் ஒடுக்கவில்லை. பிழை திருத்தவும் வரவில்லை. மூன்று சொல்லில் இரண்டு பிசகு.

பெயர் வைக்கிறவர் தனக்குத் தெரிந்த சட்டியில்தான் புதுப் பண்டத்தை ஊற்றுகிறார். ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையின் தமிழ் பேசும் பழங்குடியினருக்கு மலையாளி என்று பெயர். மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வந்த பெயர் அது. கீழ்நாட்டுக்காரர் அந்தச் சொல்லைக் கேட்டதும் கேரளத்தை நினைத்துக்கொள்வது இன்றும் நடக்கிறது. சேர்வராயன் ஆங்கிலேயர் வாயில் ஷெவராய் ஆனது தனிக் கதை.

ஹாட்ஃபீல்ட் இந்த டி.ஆர்.என்.ஏ.வை விடவில்லை. புரதம் எதற்கும் தேவைப்படாதது போலத் தெரிந்த, அளவிலும் மிகச் சொற்பமான ஒன்றோடு பத்துப் பதினைந்து ஆண்டுகள் இருப்பதற்குப் பிடிவாதம் வேண்டும். விடை அதே பெதஸ்டா வளாகத்தில் இன்னொருவர் மேசையில் பாதி உருவாகிக்கொண்டிருந்தது. அங்கே போவதற்கு முன்னால் இன்னொரு பெயரைத் தொட்டாக வேண்டும்.

1817. சுவீடனின் கிரிப்ஸ்ஹோம் என்ற ஊரில் ஒரு கந்தக அமிலத் தொழிற்சாலை. அதில் வேதியியலாளர் பெர்சீலியஸுக்கும் அவர் நண்பர் கானுக்கும் பங்கு உண்டு. ஃபாலுன் சுரங்கத்துக் கந்தகக் கல்லை எரித்தால் ஈயத் தொட்டியின் அடியில் செம்பழுப்பாக ஒரு வண்டல் படிந்தது. அதைச் சூடாக்கினால் காட்டமான முள்ளங்கி வாடை. அந்த வாடை டெலூரியம் என்ற தனிமத்துக்கு உரியது என்று அக்காலத்து நம்பிக்கை. ஆகவே டெலூரியம் என்றே முதலில் எழுதிவைத்தார்கள். பெர்சீலியஸுக்கு உறுத்தல். ஃபாலுன் கனிமங்களில் டெலூரியம் இருந்ததாக யாரும் கண்டதில்லை. திரும்பச் சோதித்து 1818 தொடக்கத்தில் இது புதுத் தனிமம் என்று அறிவித்தார். டெலூரியத்துக்கு அந்தப் பெயரை 1798இல் சூட்டியவர் கிளாப்ரோத். லத்தீனில் தெல்லுஸ் என்றால் பூமி. பூமியைப் போலவே இருந்து பூமியில்லாமல் போனதற்கு என்ன பெயர்? கிரேக்கத்தில் நிலவுக்குச் செலீனி என்று பெயர். செலினியம் என்று வைத்தார். வாடையும் உண்மையில் செலினியத்துடையதுதான். பழைய டெலூரிய மாதிரிகளில் இது கலந்திருந்திருக்கிறது. துணைக்கோளின் பெயரை வாங்கியதுதான் வாடைக்குச் சொந்தக்காரன்.

அடுத்த நூறாண்டுக்கும் மேல் உயிரியலில் செலினியத்துக்குக் கெட்ட பெயர்தான். 1850களில் அமெரிக்காவின் மேற்குப் புல்வெளிகளில் குதிரைகளுக்குப் பிடரி மயிர் உதிர்ந்து குளம்பு கழன்று விழுந்ததை ராணுவ மருத்துவர் ஒருவர் பதிவு செய்தார். தண்ணீரின் காரத்தன்மையால் வருகிறது என்று குடியேறிகள் நம்பினார்கள்; ‘கார நோய்’ என்றே பெயர் வைத்தார்கள். 1930களில் தெற்கு டகோட்டாவின் தானியங்களைச் சோதித்தபோது காரணம் மண்ணிலிருந்து பயிருக்கு ஏறிய செலினியம் என்று தெரிந்தது. காரத்துக்கும் நோய்க்கும் தொடர்பில்லை. பெயர் மட்டும் இன்றுவரை கார நோய்தான். பஞ்சாபில் நவான்ஷஹர், ஹோஷியார்பூர் வட்டாரத்து மண்ணிலும் செலினியம் அளவுக்கு மேல் உண்டு. அங்கே விளையும் தீவனத்தைத் தின்ற மாடுகளுக்கும் குளம்பும் கொம்பும் கெடுகின்றன.

1957இல் காற்று திசைமாறியது. பெதஸ்டாவில் கிளாஸ் ஷ்வார்ஸும் கால்வின் ஃபோல்ட்ஸும் எலிகளின் கல்லீரல் அழுகலைத் தடுக்கும் ‘மூன்றாம் காரணி’ என்ற பெயர் தெரியாத பொருளைத் துரத்திப் போய் அதில் இருப்பது செலினியம் என்று கண்டார்கள். நஞ்சு என்று பெயர் எடுத்தது இல்லாமலும் எலி பிழைக்காது. சீனாவில் மண்ணில் செலினியம் வறண்ட மாவட்டங்களில் குழந்தைகளின் இதயத்தைத் தாக்கும் நோய்க்குக் கேஷான் என்ற ஊரின் பெயர். இன்றைய அமெரிக்கக் கணக்குப்படி வயது வந்தவருக்கு ஒரு நாள் தேவை 55 மைக்ரோகிராம். 400ஐத் தாண்டக் கூடாது. தேவைக்கும் தீங்குக்கும் இடைவெளி இவ்வளவு குறுகலாக இருக்கிற சத்துகள் அதிகமில்லை. ஆகவே கடையில் விற்கும் செலினிய மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் வாங்கிப் போட்டுக்கொள்வது புத்திசாலித்தனமல்ல.

அந்தப் பெதஸ்டா வளாகத்து இன்னொரு மேசை திரெஸ்ஸா ஸ்டாட்மனுடையது. காற்றில்லாமல் வாழும் கிளாஸ்ட்ரிடியம் பாக்டீரியாவின் ஒரு நொதியில் செலினியம் இருப்பதை 1970களின் தொடக்கத்தில் கண்டார். எந்த வடிவில் இருக்கிறது என்பதை 1976இல் பிடித்தார். சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தில் கந்தகம் இருக்கும் இடத்தில் செலினியம்: செலினோசிஸ்டீன். தனிம அட்டவணையில் கந்தகத்துக்கு நேர் கீழே இருப்பது செலினியம், ஆகவே மாற்றி உட்காரலாம். ஆனால் குணம் ஒன்றல்ல. உடம்பின் சாதாரண அமில-கார நிலையில் சிஸ்டீனின் கந்தகம் பெரும்பாலும் தன் ஹைட்ரஜனை விடாமல் வைத்திருக்கும். செலினோசிஸ்டீன் அதைக் கழற்றிவிட்டு மின்னூட்டத்தோடு தயாராக நிற்கும். வினை புரிய வேண்டிய இடத்தில் இந்தத் தயார்நிலை பெரிய லாபம்.

இந்தச் செலினோசிஸ்டீன் புரதத்துக்குள் எப்படி வந்தது? புரதம் கட்டி முடித்த பிறகு கந்தகத்தைப் பிடுங்கிச் செலினியத்தை நட்டிருக்கலாம் என்பது பலர் ஊகம். 1986இல் இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்று எலியின் குளூட்டாதையோன் பெராக்சிடேஸ் நொதியின் மரபணு பற்றியது. மற்றொன்று ஈ. கோலி பாக்டீரியாவின் ஃபார்மேட் டீஹைட்ரஜனேஸ் பற்றியது. இரண்டாவதை மியூனிக்கில் ஆகஸ்ட் போக்கின் குழு ஸ்டாட்மனோடு சேர்ந்து எழுதியது. இரண்டிலும் மரபணுவின் நட்டநடுவில், செலினோசிஸ்டீன் உட்கார்ந்திருக்கும் அதே இடத்தில், யு.ஜி.ஏ. இருந்தது. உயிரினங்களில் பாக்டீரியாவும் எலியும் ஒன்றுக்கொன்று வெகு தூரம். இரண்டும் ஒரே சாட்சி சொன்ன பிறகு யு.ஜி.ஏ.யைப் பொருளற்றது என்று யாரும் சொல்ல முடியவில்லை.

1988இல் போக்கின் குழு பாக்டீரியாவில் யு.ஜி.ஏ.க்குச் செலினோசிஸ்டீன் கொண்டுவரும் டி.ஆர்.என்.ஏ.வைக் கண்டது. 1989இல் ஹாட்ஃபீல்டும் ஸ்டாட்மனும் சேர்ந்து எழுதிய கட்டுரை, பாலூட்டிகளில் அந்த வேலையைச் செய்வது 1970இல் கல்லீரலில் அகப்பட்ட அதே ‘ஓப்பல் ஒடுக்கி’ என்று காட்டியது. அதற்குப் பிறகுதான் பெயர் மாறியது: செலினோசிஸ்டீன் டி.ஆர்.என்.ஏ. ஒரே ஆள் பத்தொன்பது ஆண்டுக்குப் பிறகு தன் பழைய பொருளுக்குத் தானே சரியான பெயர் வைக்கும் வாய்ப்பு ஆராய்ச்சியில் அடிக்கடி வருவதில்லை.

1970இன் இரட்டைப் புதிருக்கும் விடை இதில் இருந்தது. இந்த டி.ஆர்.என்.ஏ. முதலில் செரினைத்தான் ஏற்றிக்கொள்கிறது. பிறகு ஒரு நொதி செரினோடு பாஸ்பேட்டை ஒட்டுகிறது. ஹாட்ஃபீல்டின் குழு அதை 2004இல் பிடித்தது. அடுத்து இன்னொரு நொதி பாஸ்பேட்டைத் தட்டிவிட்டுச் செலினியத்தை உட்கார்த்துகிறது. செரினைச் சுமந்ததும், பாஸ்பேட் செரினைச் சுமந்ததும் ஒரே மூலக்கூறின் இரண்டு கட்டங்கள். பொதுவாக அமினோ அமிலங்கள் ஏற்கெனவே தயாராகி டி.ஆர்.என்.ஏ.யில் ஏறும், செலினோசிஸ்டீன் நம் செல்லில் டி.ஆர்.என்.ஏ.யின் முதுகிலேயே சமைக்கப்படுவது. அந்தக் கடைசி நொதியின் பெயர் வரலாறும் இதே பாட்டுத்தான். உடம்பு தன் கல்லீரலையே எதிர்க்கும் ஒருவகைக் கல்லீரல் அழற்சியில் நோயாளியின் ரத்தம் இந்தப் புரதத்தைக் குறிவைத்துத் தாக்கும். ‘கரையும் கல்லீரல் எதிர்ப்பொருள் தூண்டி’ என்று நோயை வைத்துப் பெயரிட்டு, வேலை என்னவென்று தெரியாமலே மருத்துவமனைகள் பல்லாண்டு அதைச் சோதித்துவந்தன.

எல்லா யு.ஜி.ஏ.யும் செலினோசிஸ்டீன் ஆகிவிட்டால் செல் பிழைக்காது. ஆயிரக்கணக்கான மரபணுக்கள் யு.ஜி.ஏ.யில்தான் முறையாக முடிகின்றன. எது முடிவு, எது சரக்கு வாங்கும் இடம் என்று ரைபோசோமுக்கு யார் சொல்வது? பாக்டீரியாவில் விடை பக்கத்திலேயே இருக்கிறது. யு.ஜி.ஏ.யை ஒட்டி அடுத்த எழுத்துகளில் ஆர்.என்.ஏ. ஒரு கொண்டை ஊசி போல மடங்கி நிற்கும். கடைமடையையும் கடைத்தெருவையும் பிரித்துக் காட்டும் பக்கத்துச் சொல்லின் வேலை அதற்கு. நம் செல்களில் பக்கத்தில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. 1991இல் மார்லா பெர்ரியும் ரீட் லார்சனும் சக ஆய்வாளர்களும் கண்டது, அந்த மடிப்பு தூது ஆர்.என்.ஏ.யின் வால் பகுதியில் இருக்கிறது என்று. புரதத்துக்கான எழுத்தெல்லாம் தீர்ந்த பிறகு, சில வேளை ஆயிரம் எழுத்துக்கும் அப்பால். வாக்கியம் முழுக்க முடிந்தால்தான் நடுவில் வந்த கடைக்குப் பொருள் தெரியும் என்று சொன்னேனே, அது உவமைக்காகச் சொன்னதில்லை. இந்த மடிப்புக்குச் ‘செலினோசிஸ்டீன் செருகல் வரிசை’ என்று பெயர்; ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து செக்கிஸ் என்பார்கள். அதைப் பற்றிக்கொள்ளும் புரதம் ஒன்று உண்டு, டி.ஆர்.என்.ஏ.யைக் கூட்டிவரும் காரணி ஒன்று உண்டு. மூன்றும் கூடினால்தான் சரக்கு இறங்கும்.

பெர்ரி கண்டது தைராய்டு சம்பந்தப்பட்ட நொதியில். தைராய்டு சுரப்பி பெரும்பாலும் வெளிவிடுவது நான்கு அயோடின் உள்ள தைராக்சின், டி4. செல்லுக்குள் வேலை பார்ப்பது மூன்று அயோடின் உள்ள டி3. ஓர் அயோடினைக் கழற்றும் நொதியின் வினைமுனையில் இருப்பது செலினோசிஸ்டீன். காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் வீட்டுக்கு ஒருவராவது இருக்கிற காலம் இது. அந்த மாத்திரை டி4. அதை டி3 ஆக்குவது உபலக்கடையில் வாங்கிய செலினியம்.

இந்த இடத்தில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவரின் பணி வந்து சேர்கிறது. கோவிந்தசாமி முகேஷ் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இளநிலை, திருச்சி பாரதிதாசனில் முதுநிலை, மும்பை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் முடித்து 2002இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்த வேதியியலாளர். புரதமே இல்லாமல், செலினியத்தைச் சுமக்கும் சிறிய கரிம மூலக்கூறுகளை வைத்தே தைராக்சினிலிருந்து அயோடினைக் கழற்றிக் காட்டினார். நொதி எந்த வழியில் அந்த வேலையைச் செய்கிறது என்பதற்கு அது ஒரு வேதியியல் சாட்சி. 2012இல் பட்நாகர் விருதும் 2019இல் இன்ஃபோசிஸ் பரிசும் அவருக்கு வந்தன.

சிதம்பரத்தில் 1952இல் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் இந்தக் கதைக்குள் இரண்டு வாசல்களால் வருகிறார். ஒன்று செலினியத்தால். புரதப் படிகத்தின் அமைப்பைக் காண, மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தின் கந்தகத்துக்குப் பதில் செலினியத்தை வைத்து எக்ஸ் கதிரைச் செலுத்தும் உத்தி உண்டு. ராமகிருஷ்ணனும் சகாக்களும் 1993இல் ஹிஸ்டோன் எச்5 புரதத்தின் உருண்டைப் பகுதியை அந்த உத்தியால்தான் கண்டார்கள். மற்றொன்று யு.ஜி.ஏ.யால். 2009இல் நோபல் வாங்குவதற்கு முந்தைய ஆண்டு, அவருடைய கேம்பிரிட்ஜ் ஆய்வகம் வெளியிட்ட படம் பாக்டீரியா ரைபோசோமில் விடுவிப்புக் காரணி 2 யு.ஜி.ஏ.வைப் பற்றிக்கொண்டு நிற்பது. யு.ஜி.ஏ. முடிவாக வாசிக்கப்படும் கணம் அது. அதே மூன்றெழுத்தைப் பாலூட்டி ரைபோசோம் செலினோசிஸ்டீனாக வாசிக்கும் கணத்தின் படம் பெர்லினில் கிறிஸ்டியன் ஸ்பானின் குழுவிடமிருந்து 2022இல்தான் வந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் இரட்டை வாசிப்பு கண்ணுக்குப் புலப்படும்.

யு.ஜி.ஏ. இந்த இரண்டோடும் நிற்கவில்லை. நம் மைட்டோகாண்டிரியாவில் அது டிரிப்டோஃபான். யூப்ளோட்டஸ் என்ற ஒருசெல் உயிரியில் சிஸ்டீனுக்கும் செலினோசிஸ்டீனுக்கும் ஒரே மரபணுவில் அதே கோடான். 2009இல் வந்த அந்தக் கட்டுரையிலும் ஹாட்ஃபீல்ட் பெயர் இருக்கிறது. பெர்ன்ஸ்டைன் அம்மாவின் அம்பரும் தப்பவில்லை: மீத்தேன் உண்டாக்கும் ஒரு நுண்ணுயிரில் யு.ஏ.ஜி. பைரோலைசினைக் குறிக்கிறது என்று 2002இல் தெரிந்தது. இருபத்தோராவது, இருபத்திரண்டாவது அமினோ அமிலங்கள் இரண்டுமே ‘பொருளற்ற’ சொற்களின் வழியாகவே வந்திருக்கின்றன.

கணினிக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது தனிப்பாடு. மரபணுத் தொகுதிகளை வாசிக்கும் நிரல்கள் யு.ஜி.ஏ. வந்ததும் கத்தரித்துவிடும், செலினோ புரதங்கள் பாதியில் அறுந்தோ, மரபணுவே இல்லை என்றோ பதிவாகும். வால் பகுதியின் மடிப்பைத் தேடும் நிரலை எழுதி, வாடிம் கிளாடிஷெவின் குழு ஹாட்ஃபீல்டோடு சேர்ந்து 2003இல் கணக்கெடுத்தது. மனிதரில் செலினோ புரத மரபணுக்கள் 25, எலியில் 24. கணக்கு முடிந்தபோது பெயர்ச் சிக்கல் தலைதூக்கியது. ஒரே புரதத்தை ஓர் ஆய்வகம் ‘ஆர்’ என்றது, மற்றொன்று ‘எக்ஸ்’ என்றது. இன்னொன்றை எடையை வைத்து ‘15’ என்றார்கள். 2016இல் கிளாடிஷெவ், ஹாட்ஃபீல்ட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் மனித மரபணுப் பெயரிடும் குழுவோடு உட்கார்ந்து ஒழுங்கு செய்தார்கள். வேலை தெரிந்த நொதிகளுக்கு வேலைப் பெயர். தெரியாதவற்றுக்கு ‘செலினோ’ என்ற முன்னொட்டும் ஓரெழுத்தும். ‘15’ போய் செலினோ-எஃப் வந்தது.

ஓரெழுத்துகளில் பலவும் பழைய கைக்கணக்கு. பி என்றால் பிளாஸ்மா. ரத்தத்தில் செலினியத்தைச் சுமந்து திரியும் அந்தப் புரதத்தில் மனிதருக்குப் பத்துச் செலினோசிஸ்டீன், பத்து யு.ஜி.ஏ. டபிள்யூ என்பது ஆங்கிலத்தில் வெள்ளைக்கு முதலெழுத்து. செலினியம் போதாத ஆட்டுக்குட்டிகளின் தசை வெளுத்துப்போகும் நோயிலிருந்து வந்தது. நோய்க்கும் புரதத்துக்கும் உள்ள உறவு பெயர் வைத்தபோது நினைத்த அளவு நேரடியானதல்ல. குழு அந்த எழுத்தை மாற்றவில்லை, செலினோ-டபிள்யூ என்றே விட்டுவிட்டது.